சீட்டுக் காசு ஒண்டரை லட்சம் கையில இரிக்கு, ஷெயார் வாங்கிப் பழகலாமா? முதல்ல என்ன செய்யணும்?

கல்லடிப்புள்ள
எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு பிரதேச செயலகத்துல அபிவிருத்தி உத்தியோகத்தரா வேல செய்றன். ஒபிஸ்ல போட்ட சீட்டு போன மாசம் எனக்கு விழுந்திச்சு, ஒண்டரை லட்சம். அம்மா சொல்றா காப்பு ஒண்டு எடு எண்டு, தம்பி சொல்றான் பைக்குக்கு டவுன் பேமன்ட் கட்டித் தா எண்டு, எனக்கு மனசுக்குள்ள கன நாளா ஒரு ஆசை கம்பனி ஷெயார் கொஞ்சம் வாங்கிப் பாக்கணும் எண்டு. எங்கட ஒபிஸ்ல கேட்டா அதெல்லாம் கொழும்பு ஆக்கள்ட வேல, சூதாட்டம், உனக்கேன் புள்ள எண்டு முடிச்சிட்டாங்க. ஒருத்தருக்கும் சரியாத் தெரியல்ல எண்டுதான் நினைக்கிறன்.

எக்கவுண்ட் எங்க திறக்கிற, அதுக்குக் கொழும்புக்குப் போகணுமா, ஆகக் குறைஞ்சது எவ்வளவு போடணும், வாங்கின ஷெயார் எங்க இரிக்கும், புரோக்கர் ஓடிட்டா என்ன செய்ற... கேள்வி நிறைய இரிக்கு, சிரிக்காம சொல்லித் தாங்க.

ஆரையம்பதி_ஆட்டோ
புரோக்கர் எண்டா எனக்குத் தெரிஞ்சது காணி புரோக்கரும் கலியாணப் புரோக்கரும்தான். ரெண்டு பேரும் ரெண்டு பக்கமும் கொமிசன் எடுப்பானுகள். இவனும் அப்பிடித்தானா? 😄

பழைய_மாஸ்டர்
ஓம் தம்பி, இவங்களும் ரெண்டு பக்கமும்தான் எடுப்பாங்க, ஆனா எவ்வளவு எடுக்கிறாங்க எண்டது எழுதிக் கிடக்கும், அதான் வித்தியாசம்.

மகள், நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம், வர்த்தகம் படிப்பிச்சு பென்சன் எடுத்த ஆள். இருவது வருசத்துக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா வாங்கி வச்சிரிக்கன், பணக்காரன் ஆகல்ல, கடன்காரனும் ஆகல்ல. தெரிஞ்சத சொல்றன்.

முதல்ல ஆர் ஆர் எண்டு பிரிச்சு விளங்கணும். கொழும்பு பங்குச் சந்தை, எல்லாரும் சிஎஸ்ஈ எண்டு சொல்றது, அது சந்தை. இஞ்ச நம்மட கல்முனைச் சந்தை மாதிரி ஒரு இடம், ஆனா உள்ளுக்க போய் வாங்க எனக்கும் உனக்கும் ஏலா, லைசன்ஸ் உள்ள புரோக்கர் கம்பனி மூலமாத்தான் வாங்கலாம். வாங்கின ஷெயார் புரோக்கர்ட கையில இரிக்காது. அது சிடிஎஸ் எண்ட ஒரு இடத்துல உன்ட பேர்ல, உன்ட ஐடென்டி காட் நம்பர்ல பதிஞ்சு இரிக்கும். 1991ல இருந்து அந்த முறைதான். அதுக்கு முந்தி எல்லாம் பேப்பர் பத்திரம். புரோக்கர் கம்பனி நாளைக்கு மூடினாலும் உன்ட ஷெயார் சிடிஎஸ்ல உன்ட பேர்லதான் கிடக்கும், வேற புரோக்கருக்கு மாத்தலாம். ஆனா ஷெயார் வாங்காம அவங்கட்ட சும்மா போட்டு வச்ச காசு வேற கதை, அதனால தேவைக்கு மேல அங்க காசு விட்டு வைக்காத. இவங்க எல்லாருக்கும் மேல மேற்பார்வைக்கு எஸ்இசி எண்டு ஆணைக்குழு இரிக்கு. லைசன்ஸ் உள்ள புரோக்கர்மார்ட பட்டியல் சிஎஸ்ஈட வெப்சைட்டுலயே இரிக்கும், அதுல பேர் இல்லாதவன் என்ன சொன்னாலும் சல்லி குடுக்காத.

கொழும்புக்குப் போகத் தேவையில்ல. 2020ல இருந்து ஃபோன்லயே திறக்கலாம், சிஎஸ்ஈட அப் இரிக்கு.

வாவிக்கரை
நான் போன வருசம் திறந்தன், ஃபோன்லதான். ஐடென்டி காட் ரெண்டு பக்கமும் படம், செல்ஃபி ஒண்டு, பேங்க் புக் முதல் பக்கம், அவ்வளவுதான் கேட்டான். மறுகா புரோக்கர் ஆரெண்டு லிஸ்ட்ல தெரிவு செய்யணும். எனக்கு ரெண்டு தரம் ரிஜெக்ட் ஆகினது ஏன் தெரியுமா, என்ட ஐடென்டி காட் பழசு, லெமினேட் பண்ணினது, லைட் வெளிச்சம் பட்டு நம்பர் தெரியல்ல. முத்தத்துல நிழல்ல வச்சு எடுத்தன், சரி வந்திட்டு. அட்ரஸ் ஐடென்டி காட்ல உள்ளதும் இப்ப இரிக்கிறதும் வேறெண்டா கரண்ட் பில்லோ பேங்க் ஸ்டேட்மென்ட்டோ கேப்பான்.

பேங்க் எக்கவுண்ட் உங்கட பேர்லயே இரிக்கணும். டிவிடன்டும், அதாவது கம்பனி லாபத்துல பங்குக்காரருக்குப் பிரிச்சுத் தாற காசும், அதுக்குத்தான் வரும்.

வட்டைக்காரன்
நான் கேக்கிறன் எண்டு கோவிக்க வேணாம். திருக்கோவில் பக்கம் வெள்ளாம செய்ற ஆள் நான். நெல்லு விலை விழுந்தாலும் மூடை என்ட வீட்டுல கிடக்கும், ஆக்கித் திங்கலாம். இதுல விலை விழுந்தா என்ன கிடக்கும்? ஃபோன்ல ஒரு நம்பர். தங்கச்சி, அம்மா சொல்ற காப்பை எடுங்க. அவசரத்துக்கு அடகு வைக்கலாம்.

பழைய_மாஸ்டர்
வட்டைக்காரன் சொல்றதுல ஞாயம் இரிக்கு, நகையைப் பழிக்க நான் வரல்ல. ஆனா "ஒரு நம்பர்" எண்டு சொல்ல ஏலா. ஒரு கம்பனியில உனக்குத் துண்டு ஒண்டு சொந்தம். போடியார்ர வட்டையில பத்துப் பேர் சேந்து காணி வாங்கின மாதிரி, விளைஞ்சா பங்கு வரும், வெள்ளம் அடிச்சா ஒண்டும் வராது, காணி விலை கூடினா உன்ட பங்கும் கூடும். ஒண்டு மட்டும் ஞாபகம் வை, பேங்கில ஃபிக்ஸட் போட்டா 11 லட்சம் வரைக்கும் வைப்புக் காப்புறுதி இரிக்கு. ஷெயாருக்கு அப்பிடி ஒண்டும் இல்ல. விலை பாதியாகினா பாதிதான், ஆரும் நட்டஈடு தர மாட்டான்.

அதனால மகள், எனக்கு முதல் கேள்வி எந்தக் கம்பனி எண்டதில்ல. இந்த ஒண்டரை லட்சத்துல மூண்டு நாலு வருசத்துக்குத் தொடத் தேவையில்லாத சல்லி எவ்வளவு? தம்பிக்குப் படிப்பு, அம்மாக்கு மருந்து, சீட்டுல இன்னும் கட்ட வேண்டிய மாசங்கள், இதெல்லாம் கழிச்சுச் சொல்லு.

கல்லடிப்புள்ள
சேர் நீங்க கேட்ட பிறகுதான் கணக்குப் பாத்தன். சீட்டு இன்னும் ஏழு மாசம் கட்டணும். வீட்டுக் கூரை ஓடு மாத்த வேணும், மாரிக்கு முந்தி. எல்லாம் போக உண்மையா மறந்து போகக் கூடிய காசு எண்டா ஒரு நாப்பதாயிரம்தான் 🙈

பழைய_மாஸ்டர்
அது காணும். நாப்பதையும் ஒரே நாளில போடாத, பத்து பத்தா போடு. பத்தாயிரத்துல பிழைச்சா பாடம் மலிவு.

சூடுகண்டபூனை
நான் இந்த இழைக்கு வரக் கூடாது எண்டுதான் இருந்தன், ஆனா புள்ள சொல்றதப் பாக்க என்னை நானே பாக்கிற மாதிரி கிடக்கு அதனால எழுதுறன். 2021 முழுக்க சந்தை ஏறிக்கொண்டே போனது. 2020 முடியேக்க ஏஎஸ்பிஐ, அதாவது சந்தையில உள்ள எல்லாக் கம்பனி விலையையும் சேத்துக் காட்டுற சுட்டெண், 6,774, 2021 முடியேக்க 12,226, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. டீக்கடையில கூட அதே கதை. நான் கடைசி ஆளா 2022 ஜனவரியில உள்ளுக்க போனன், சுட்டெண் 13,000 தாண்டி நிக்கேக்க. சொந்தக் காசு ரெண்டரை லட்சம், மனுசிட நகை அடகு வச்சு மூணு லட்சம், அதுக்கு மேல புரோக்கர்ர ஆள் ஒருத்தன் மார்ஜின் எடுத்துத் தாறன் எண்டான், எடுத்தன். மார்ஜின் எண்டா என்னெண்டு தெரியாத ஆக்களுக்கு, உங்கட ஷெயாரயே ஈடா வச்சு கடன் தாறது. ஏறேக்க தேன். இறங்கேக்க ஈடு காணாது எண்டு மேல காசு கட்டச் சொல்லுவான், கட்டாட்டி உங்களக் கேக்காமலே ஷெயார வித்துப் போடுவான், ஃபோர்ஸ் செல்லிங் எண்டு அதுக்குப் பேர்.

மார்ச்சில டொலர் பாஞ்சுது, ஏப்ரல் 8ந் திகதி மத்திய வங்கி வட்டியை ஒரே நாளில 7 வீதம் கூட்டினது, 12ந் திகதி நாடு கடன் கட்ட ஏலா எண்டு அறிவிச்சது. புத்தாண்டு லீவு முடிஞ்சு திறப்பான் எண்டு பாத்தா எஸ்இசி அந்தக் கிழமை அஞ்சு நாளும் சந்தையை மூடிப்போட்டுது. அந்த அஞ்சு நாள் நான் பட்ட பாடு. விக்க ஏலா, பாக்க ஏலா, புரோக்கர் மட்டும் கோல் எடுத்துக்கொண்டே இரிக்கான் காசு கட்டு காசு கட்டு எண்டு. திறந்த அண்டைக்கே விழுந்து திரும்பவும் நிப்பாட்டினாங்க. மே மாசம் என்ட ஷெயார் எல்லாம் வித்தாச்சு, நான் விக்கல்ல, அவங்க வித்தாங்க. மிச்சம் கையில வந்தது 61,000 சொச்சம். நகை மீட்டது போன வருசம்தான்.

பிறகு சந்தை ஏறினது எண்டு எல்லாரும் சொல்றாங்க. ஓம் ஏறினது. 2022 முடிய 8,489, 2023 முடிய 10,654, 2024 முடிய 15,944. அதுல எனக்கென்ன, நான் உள்ளுக்க இல்லையே.

ஆரையம்பதி_ஆட்டோ
அண்ணன், பகிடி விடல்ல இந்த முறை. மனுசி கதைக்கிறாவா இப்ப?

சூடுகண்டபூனை
கதைக்கிறா. "ஷெயார்" எண்ட சொல்லு மட்டும் வீட்டுல எடுக்க ஏலா. ஃபேஸ்புக்ல "ஷெயார் பண்ணு" எண்டாலும் முறைப்பா.

பழைய_மாஸ்டர்
இதத்தான் நான் எந்தச் சல்லி எண்டு கேட்டது. பூனை வாங்கின கம்பனியள் பிழையெண்டு நான் சொல்ல மாட்டன், அதே கம்பனி சிலது என்ட கையிலயும் இருந்திச்சு, அதே ஏப்ரல் மாசம் எனக்கும் பாதிக்குப் பாதி விழுந்திச்சு. எனக்கு ஆரும் கோல் எடுக்கல்ல, ஏனெண்டா ஆர்ட காசும் அதுல இல்ல. நான் வெத்திலையைப் போட்டுட்டு பேசாம இருந்தன். அவ்வளவுதான் வித்தியாசம். கெட்டித்தனம் இல்ல.

இது முதல் தரமும் இல்ல. யுத்தம் முடிஞ்ச கையோட 2009, 2010 ரெண்டு வருசமும் பறந்திச்சு, 2011 பெப்ரவரியில சுட்டெண் 7,800 தொட்டுட்டு பிறகு இறங்கத் தொடங்கினதுதான், பேர் தெரியாத சின்னக் கம்பனியள் ஆளாளுக்கு ஏத்தி வித்தது எல்லாம் அப்ப நடந்தது. எஸ்இசி தலைவர் ரெண்டு பேர் ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தர் ராஜினாமா பண்ணினாங்க. பேப்பர் எல்லாம் அதே பேச்சு.

டெய்லி_சிக்னல்_555
[இந்தப் பதிவு நீக்கப்பட்டது]

நெறியாளர்
வாட்ஸ்அப் குரூப் லிங்க் போட்டு "மாசம் 30% உறுதி" எண்டவர வெளியேத்தியாச்சு. இந்த இழை திறந்ததுல இருந்து மூண்டாவது ஆள். எங்கட ஊருகளில பிரமிட் கம்பனியளில சல்லி விட்டவங்க எத்தினை பேர் எண்டு எல்லாருக்கும் தெரியும், அது மத்திய வங்கி தடை செஞ்ச வேல, அதுல ஆள் சேக்கிறதும் குற்றம். இன்பாக்ஸ்ல ஆரும் வந்து "அக்கா நான் உங்களுக்கு ட்ரேட் பண்ணித் தாறன், பாஸ்வேட் தாங்க" எண்டா எனக்கு ஸ்க்ரீன்ஷொட் அனுப்புங்க.

சம்மாந்துறை_நானா
அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். மாஸ்டர்ட எழுத்து நல்லா விளங்குது. எங்கட ஆக்களுக்கு ஒரு கேள்வி, நான் மௌலவி ஒருத்தர்ட்ட கேட்டதுல அவர் சொன்னார் கம்பனி என்ன தொழில் செய்து, வட்டிக் கடன் எவ்வளவு எண்டதப் பாத்துத்தான் ஹலால் ஹராம் சொல்லலாம் எண்டு. வட்டிக்கு நடக்கிற வங்கி, சாராயம், சிகரட் கம்பனியெல்லாம் கூடாது. அதுக்கு ஒரு வைட் லிஸ்ட் இரிக்காம், புரோக்கர்ட்ட கேட்டா அனுப்புவான். ஆரும் அத வச்சு வாங்கினாக்கள் இரிக்கீங்களா?

வாவிக்கரை
என்ட கூட்டாளி காத்தான்குடி, அவன் அந்த லிஸ்ட் பாத்துத்தான் வாங்குவான் நானா. ஒண்டு சொன்னான், அந்த லிஸ்ட் காலாண்டுக்குக் காலாண்டு மாறும், கம்பனி கடன் கூட எடுத்தா பேர் வெளிய போயிரும், அதனால ஒருக்காப் பாத்துட்டு விட ஏலா. டிவிடன்ட்ல வட்டி வருமானம் கலந்த பங்கு எவ்வளவு எண்டு கணக்குப் பாத்து அதை ஸதகாவா, தர்மமாக் குடுத்துருவான். மார்ஜின் பக்கமே போக மாட்டான், வட்டிதானே.

சூடுகண்டபூனை
நானும் அந்த ஒரு விசயத்துல மார்க்கம் பாத்திருந்தா நகை தப்பியிரிக்கும்.

கல்லடிப்புள்ள
எக்கவுண்ட் சரி வந்திட்டு!! மூண்டு நாளில மெயில் வந்தது. புரோக்கர்ட ஸ்க்ரீன் திறந்து பாத்தன், அட்ரேட் எண்டு ஒண்டு, ஒண்டும் விளங்கல்ல. பச்சை சிவப்பு நம்பர் ஓடுது. பிட், ஆஸ்க், குவான்டிட்டி, லிமிட், மார்க்கட், எக்ஸ்பயரி. கம்பனிப் பேருக்குப் பின்னால என் 0000 எண்டும் சிலதுல எக்ஸ் 0000 எண்டும் கிடக்கு. ஒரே பேங்க் ரெண்டு விலையில கிடக்கு. பயத்துல மூடிட்டன்.

பழைய_மாஸ்டர்
மூடினது நல்லது, விளங்காம அமத்துறதுதான் கூடாது. கேள்.

என் எண்டா வாக்குரிமை உள்ள சாதாரண பங்கு, எக்ஸ் எண்டா வாக்குரிமை இல்லாதது. கொமர்ஷல் பேங்க், எச்என்பி மாதிரி சில கம்பனிக்கு ரெண்டும் இரிக்கு. வாக்கில்லாதது பெரும்பாலும் மலிவு. நீயும் நானும் கொழும்புக்குப் போய் கூட்டத்துல கையுயத்தப் போறதில்ல, அதனால சின்ன ஆக்கள் நிறையப் பேர் எக்ஸ் வாங்குவாங்க.

பிட், ஆஸ்க் எண்டது வட்டைக்காரனுக்கு என்ன விடக் கூடத் தெரியும். தை மாசம் அறுப்பு முடிய ரோட்டுல லொறி வந்து நிக்கும். ஒருத்தன் மூடைக்கு ஒரு விலை சொல்லுவான், அடுத்தவன் அம்பது ரூபா குறைச்சுச் சொல்லுவான், அது வாங்குறவன்ட விலை, பிட். நம்மடாள் இதுக்குக் குறைய தர மாட்டன் எண்டு நிப்பான், அது ஆஸ்க். ரெண்டும் முட்டினாத்தான் வியாபாரம். ஸ்க்ரீன்ல காட்டுறது அந்த லொறி வரிசையத்தான்.

லிமிட் எண்டா "21 ரூபாக்கு மேல குடுக்க மாட்டன்" எண்டு நீ சொல்றது. மார்க்கட் எண்டா "என்ன விலையெண்டாலும் தா" எண்டு சொல்றது. தொடங்கேக்க எப்பவும் லிமிட். மார்க்கட் எண்டத மறந்திரு.

வாவிக்கரை
மாஸ்டர் சொல்றது சத்தியம், நான் அதுல மாட்டினன். அதிகம் கைமாறாத ஒரு கம்பனி, கடைசி விலை 84 ரூபா எண்டு காட்டினது. 100 ஷெயார் மார்க்கட் ஓடர் போட்டன், 8,400 தான் போகும் எண்டு நினைச்சு. விக்கிற பக்கம் 84க்கு 40 தான் இருந்திருக்கு, அடுத்தது 84.50க்கு 25, அதுக்கங்கால நேரா 88 ரூபா. மிச்சம் 35ம் 88க்கு வாங்கிப் போட்டுது. மொத்தம் 8,552 ரூபா 50 சதம். கண்ணிமைக்கிற நேரத்துல 150 ரூபா போச்சு, அதுக்கு மேல கொமிசன். அடுத்த நாள் பாத்தா திரும்பவும் 84ல கிடக்கு. பிழை என்டதான், கீழ வரிசை கிடந்தது, நான் பாக்கல்ல.

ஆரையம்பதி_ஆட்டோ
கொமிசன் எவ்வளவு எண்டு இன்னும் ஒருத்தரும் சொல்லல்ல. நான் முதல்லயே கேட்டது அதான்.

பழைய_மாஸ்டர்
வாறன் தம்பி. நம்மள மாதிரி ஆக்களுக்கு மொத்தம் 1.12 வீதம். அதுல புரோக்கருக்கு 0.64, பங்குச் சந்தைக்கு 0.084, சிடிஎஸ்ஸுக்கு 0.024, எஸ்இசிக்கு 0.072, அரசாங்கத்துக்கு பங்குக் கொடுக்கல் வரி 0.3. வாங்கேக்கயும் எடுப்பாங்க, விக்கேக்கயும் எடுப்பாங்க.

கணக்குப் போட்டுப் பார். 500 ஷெயார் 21 ரூபாப்படி, 10,500. அதுக்கு 1.12 எண்டா 117 ரூபா 60 சதம். உன்ட கையால போறது 10,617.60. அதே நாள் மனசு மாறி அதே 21க்கு வித்தா கையில வாறது 10,382.40. ஒண்டும் நடக்காமலே 235 ரூபா நட்டம். போட்ட காசு திரும்பக் கைக்கு வரவே விலை 21ல இருந்து ஏறக்குறைய 21.50க்கு வரணும். காலையில வாங்கிப் பின்னேரம் விக்கிறன் எண்டு துள்ளுற பொடியனுகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாக்கிறதில்ல.

வட்டைக்காரன்
அப்ப விதைநெல்லு, ட்ரக்டர் கூலி எல்லாம் இதுலயும் இரிக்கு எண்டு சொல்றீங்க 🙂

நான் சண்டைக்கு வரல்ல இப்ப. ஒரு விசயம் கேக்கணும். எங்கட அம்பாறை மாவட்டத்துல ஹிங்குராணை சீனி ஆலை இரிக்கு. என்ட மச்சான் கரும்பு போடுறவன். நமக்குத் தெரிஞ்ச ஆலை எண்டு அதுல பங்கு வாங்க ஏலுமா?

பழைய_மாஸ்டர்
நேரடியா ஏலா. அந்த ஆலையை நடத்துற கல் ஓயா பிளான்டேஷன்ஸ் சந்தையில லிஸ்ட் பண்ணின கம்பனி இல்ல. அதுல 51 வீதம் அரசாங்கத்துக்கு, மிச்சம் 49ம் பிறவுன்ஸ், எல்ஓஎல்சி பக்கம். அந்தத் தாய்க் கம்பனியள் சந்தையில இரிக்கு, ஆனா அதுகள வாங்கினா நீ ஹிங்குராணையை வாங்கினதாகாது, வெளிநாட்டு ஃபைனான்ஸ், ஹோட்டல், தோட்டம் எல்லாம் சேந்த ஒரு பெரிய மூட்டையை வாங்குறாய், அதுக்குள்ள சீனி ஒரு கரண்டி. மச்சான்ட கரும்பு நல்லா விளைஞ்ச வருசம் ஷெயார் விழலாம், காய்ஞ்ச வருசம் ஏறலாம்.

தெரிஞ்ச கம்பனி எண்டு வாங்குறது பிழையில்ல. நாம சாமான் வாங்குற கார்கில்ஸ், ரீலோட் போடுற டயலொக் எல்லாம் சந்தையில இரிக்குதுதான். ஆனா கடையில சனம் நிறைஞ்சு நிக்கிறது ஒரு விசயம், கம்பனி லாபம் எடுக்குதா, கடன் எவ்வளவு, அந்த லாபத்துக்கு இண்டைய விலை ஞாயமா எண்டது வேற விசயம். டயலொக் 2005ல 12 ரூபாக்கு வெளிய விட்டது, எத்தினையோ வருசம் அந்த 12க்கும் கீழதான் கிடந்தது. ஊரெல்லாம் டயலொக் சிம். அப்ப வாங்கினவன் ஃபோன் பாவிச்சுக்கொண்டே நட்டத்துல இருந்தான்.

காலாண்டுக் கணக்கு எல்லாக் கம்பனியும் சிஎஸ்ஈ வெப்சைட்டுல போட வேணும், சும்மா பாக்கலாம். இங்கிலிஷ்தான், பயப்பிடாத, நீ டிகிரி முடிச்ச புள்ள. வருமானம், லாபம், கடன், ஒரு பங்குக்கு உழைச்சது, நாலு வரியப் பாரு, மூண்டு வருசத்துக்குச் சேத்துப் பாரு.

சூரிச்_மட்டு
இங்க சுவிஸ்ல இருந்து வாசிக்கிறன். என்ட அக்கா மட்டக்களப்புல இரிக்கிறா, அவட பேருக்கு நான் காசு அனுப்பி வாங்கட்டா, இல்லாட்டி என்ட பேர்ல வாங்க ஏலுமா?

பழைய_மாஸ்டர்
உங்கட பேர்லயே ஏலும். அதுக்கு இஞ்ச ஒரு வர்த்தக வங்கியில ஐஐஏ எண்டு சொல்ற உள்முக முதலீட்டுக் கணக்கு திறக்கணும், வெளிநாட்டுக் காசு அதுக்குள்ளால வந்து ஷெயாருக்குப் போகும், விக்கேக்க அதுக்குள்ளாலயே திரும்பிப் போகும். அக்காட பேர்ல வாங்கினா சட்டப்படி அக்காட ஷெயார், நாளைக்குக் கதை வந்தா உங்கட காசு எண்டு காட்ட ஏலா. அக்கா நல்லவதான், ஆனா அக்காக்குப் புள்ளையள் இரிக்குமே.

சூரிச்_மட்டு
மூணு பேர் 😅 விளங்கிட்டு.

ட்ரங்குப்பெட்டி
இந்த இழையை வாசிச்ச பிறகு ஒரு விசயம் கேக்கலாம் எண்டு வந்தன். நான் செங்கலடி. அப்பாக்கு 78 வயசு, முந்தி கொழும்புல வேல செய்தவர், 83ல எல்லாம் விட்டுட்டு ஊருக்கு வந்தவர். போன கிழமை ட்ரங்குப் பெட்டியத் துப்பரவாக்கேக்க பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்குக் கீழ ஒரு பழைய ஷெயார் பத்திரம், அப்பாட பேர்ல, 200 பங்கு. ஓரம் கரையான் கொஞ்சம் அரிச்சிருக்கு, நம்பரும் முத்திரையும் தெளிவா இரிக்கு. அப்பாட்ட கேட்டா "அது போச்சு மனே, அந்த நேரத்தோட" எண்டு சொல்றார். போனதா?

பழைய_மாஸ்டர்
போகல்ல போகல்ல! கம்பனி இன்னும் இரிக்கா எண்டு முதல்ல பாருங்க, பேர் மாறியிருக்கலாம், இன்னொண்டோட சேந்திருக்கலாம். இருந்தா கம்பனிட பதிவேட்டுல அப்பாட பேர் இன்னும் கிடக்கும். கம்பனிச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்க, பத்திர நம்பரும் பேரும் போட்டு. இடையில போனஸ் பங்கு எண்டு காசில்லாம மேலதிகமாக் குடுத்திருக்கலாம், பங்கைப் பிரிச்சிருக்கலாம், எடுக்காத டிவிடன்ட் இருக்கலாம், 200 எண்டது இப்ப 200 ஆ இரிக்கத் தேவையில்ல. அப்பா பேர்ல சிடிஎஸ் எக்கவுண்ட் ஒண்டு திறந்து, புரோக்கர் மூலம் பத்திரத்தைக் குடுத்தா அது கணக்குக்குள்ள ஏறும். அப்பா இரிக்கேக்க செய்யுங்க, பிறகெண்டா கோடு, சட்டத்தரணி எண்டு இழுபடும்.

பத்திரத்தை லெமினேட் பண்ணிராதீங்க!

கல்லடிப்புள்ள
நான் வாங்கிட்டன் 🥹 என்ன கம்பனி எண்டு சொல்ல மாட்டன், சேர் சொல்லித்தான் பேர் சொல்லாம இரிக்கன், பிறகு ஆரும் எனக்குப் பின்னால வாங்கிட்டு என்னை ஏசுவாங்க எண்டு.

திங்கக்கிழமை லஞ்ச் டைம், ஒபிஸ் கென்டீனுக்குப் பின்னால மாமரத்துக்குக் கீழ நிண்டு 500க்கு 21 ரூபா லிமிட் போட்டன். சந்தை காலையில ஒம்பதரைல இருந்து பின்னேரம் ரெண்டரை மட்டும்தான் எண்டு அப்பதான் உறைச்சது. கை நடுங்கிச்சு, உண்மையா. 300 உடனே கிடைச்சது. மிச்சம் 200 கிடக்கு கிடக்கு கிடக்கு, பிட் வரிசையில எனக்கு முன்னால ஆரோ 12,000 ஷெயாருக்கு நிக்கான். ரெண்டரைக்கு மூடினதும் அந்த 200ம் தானா கன்சல் ஆகிட்டு, டே ஓடராம் அது. அடுத்த நாள் பாத்தா 21.30. ஐயோ விட்டுட்டனே எண்டு 21.30க்கே போடப் போனன், பிறகு சேர்ர கணக்கு ஞாபகம் வந்து மூடி வச்சிட்டு ஃபீல்ட் வேலைக்குப் போயிட்டன் வவுணதீவுப் பக்கம், அங்க சிக்னலும் இல்ல. வெள்ளிக்கிழமை 20.80க்கு வந்திச்சு, வாங்கிட்டன். எல்லாச் செலவும் சேத்து 10,577 ரூபா 15 சதம். ரெண்டு வேல நாள் கழிச்சு சிடிஎஸ் எக்கவுண்டுல ஏறிட்டு.

அம்மா கேட்டா "பத்திரம் எங்க?" எண்டு. பேப்பர் இல்லம்மா எண்டா நம்ப மாட்டாவாம். மெயில்ல வந்த ஸ்டேட்மென்ட்டை டவுன்ல பிரின்ட் எடுத்துக் குடுத்தன், பத்து ரூபா. காணி உறுதி வச்சிருக்கிற பையுக்குள்ள வச்சிட்டா.

பழைய_மாஸ்டர்
சிக்னல் இல்லாத ஊருக்குப் போனதுதான் நீ செஞ்ச ஆகப் பெரிய கெட்டித்தனம்.

வட்டைக்காரன்
தங்கச்சி, கூரை ஓடு மாத்திட்டீங்களா?

கல்லடிப்புள்ள
மாத்திட்டன் அண்ணன். அதுக்குத்தான் முதல் காசு போனது.

ட்ரங்குப்பெட்டி
மூண்டு மாசம் கழிச்சு எழுதுறன். கம்பனி இரிக்கு, பேர் மாறி. கடிதத்துக்குப் பதில் வந்தது, அப்பாட பேர் பதிவேட்டுல கிடக்காம், பங்கு இப்ப கூடியிருக்கு. ஒரு சிக்கல், ஃபோமில அப்பா வச்ச கையெழுத்து பழைய கையெழுத்தோட ஒத்துவரல்ல எண்டு திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப கை நடுங்குது அவருக்கு, 40 வருசத்துக்கு முந்தி எப்பிடி வச்சவர் எண்டு அவருக்கே ஞாபகமில்ல. புரோக்கர் சொன்ன மாதிரி சமாதான நீதவானுக்கு முன்னால இப்பத்தக் கையெழுத்தை வச்சு உறுதிப்படுத்தி திரும்ப அனுப்பியிருக்கம். அப்பா இப்ப காலையில எழும்பினா முதல் கேள்வி "சந்தை திறந்திட்டா மனே?"

கல்லடிப்புள்ள
எனக்கு முதல் டிவிடன்ட் வந்தது. பங்குக்கு 50 சதம். எக்ஸ்டி திகதி எண்டா அண்டையில இருந்து வாங்கிறாக்களுக்கு அந்த டிவிடன்ட் இல்ல, அதுக்கு முந்தி வாங்கினதால எனக்கும் கிடைச்சது, அந்த நாள் விலை அதே அளவுக்கு இறங்கினதும் பாத்தன், சேர் முந்தியே சொன்னதால பயப்பிடல்ல. 250 ரூபா, 15 வீதம் வரி பிடிச்சு 212 ரூபா 50 சதம் பேங்குக்கு வந்திருக்கு. எஸ்எம்எஸ்ஸை அம்மாக்குக் காட்டினன்.

ஆரையம்பதி_ஆட்டோ
அந்தக் காசுக்கு கல்லடிப் பாலம் தாண்டி டவுன் வரைக்கும் கொண்டு போய் விடுறன், வாங்க. திரும்பி வாறதுக்கு அடுத்த டிவிடன்ட் பாத்துக்கொள்ளலாம்.